மீன் கம்பெனி ஃப்ரீசர்ல கேமரா: ஸ்பிட்டி போறதுக்கு முன்னாடி மண்டபத்துல செஞ்சு பார்த்தது

பிப்ரவரி ரெண்டாவது வாரம் இமாச்சல் மலைல இருக்குற ஸ்பிட்டிக்கு கிளம்புறோம், நானும் மதுரைக்கார நண்பர் ஒருத்தரும். அங்க கிப்பர்ங்குற கிராமத்துல எட்டு நாள், பனிச்சிறுத்தை கண்ல பட்டா அதிர்ஷ்டம், படலேன்னா ஐபெக்ஸ் ஆட்டையாவது எடுத்துட்டு வருவோம்னு பேச்சு. 2024ல வந்த கணக்குப்படி இந்தியா முழுக்க மொத்தமே 718 பனிச்சிறுத்தைதான், அதுல ஒண்ணு நமக்காக வந்து பாறைல உக்காரும்னு நெனச்சு எதையும் வாங்கக்கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். கிப்பர் 4,200 மீட்டருக்கு மேல இருக்கு, குளிர்காலத்துல ராத்திரி மைனஸ் 20க்கு கீழல்லாம் போகும். நாங்க ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக்காரங்க, மார்கழில ஃபேனை ரெண்டாம் நம்பர்ல வச்சாலே போர்வைய இழுக்குற ஆளுங்க.

கைல இருக்குறது நிக்கான் டி500 கேமரா, அதுக்கு 200-500 எம்எம் ஜூம் லென்ஸ், ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். ரெண்டும் சேர்ந்து மூணு கிலோவுக்கு மேல வரும். நாலு வருசமா தனுஷ்கோடில பூநாரை எடுக்குறது, ராமேஸ்வரம் ஜெட்டில கடல்காக்கா எடுக்குறது எல்லாம் இதுலதான். கேமரா புக்ல 0 முதல் 40 டிகிரி வரைக்கும்னுதான் போட்டிருக்கு. அப்ப மைனஸ் 20ல என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்குன்னு ஒருத்தர், 600 எஃப் 4ங்குற பெரிய லென்ஸை வாடகைக்கு எடுன்னு ஒருத்தர், அந்த வாடகையைக் கேட்டா ஒரு வள்ளத்துக்கு டீசல் போடலாம் போல இருந்துச்சு. சரி, வாங்குறதுக்கு முன்னாடி இருக்குறதையே குளிர்ல வச்சுப் பாப்போமேன்னு தோணுச்சு. குளிருக்கு நம்ம ஊர்ல எங்க போறது? மீன் கம்பெனிக்குத்தான்.

என் மாமா ஒரு றால் கம்பெனில கோல்டு ஸ்டோரேஜ் பாக்குறாரு. மைனஸ் 18ல ரூம் வச்சிருப்பாங்க, பெட்டி பெட்டியா றாலும் கணவாயும் அடுக்கிக் கிடக்கும். கேட்டதும் சிரிச்சாரு, "ஏன் மாப்ள, கேமராவையும் சேத்து ஏத்துமதி பண்ணப் போறியா?"ன்னாரு. லோடு ஏத்தாத ஞாயித்துக்கிழமையா பாத்து வரச் சொன்னாரு, கூடவே அவங்க ஆளுங்க போடுற பழைய ஜாக்கெட் ஒண்ணையும் குடுத்தாரு, அது வீசுன வீச்சத்தைப் பத்தி இங்க எழுதல.

முதல் நாள் பேட்டரி டெஸ்ட். மூணு பேட்டரி, மூணுமே ஃபுல் சார்ஜ். ஒண்ணு கேமராவோட வந்த ஒரிஜினல், ஒண்ணு புதுசா வாங்குன ஒரிஜினல், ஒண்ணு ஆன்லைன்ல விலை கம்மின்னு வாங்குன டூப்ளிகேட். ஒவ்வொண்ணா கேமராவுல போட்டு அப்பப்ப பத்து இருபது ஷாட், நடுவுல சும்மா வச்சிருக்குறது, இப்படி ஆளுக்கு அரை மணி நேரம். டூப்ளிகேட் இருபதாவது நிமிசத்துல சிவப்புக்கு வந்து செத்துப் போச்சு. பழைய ஒரிஜினல் பாதிக்கு இறங்குச்சு. புதுசு பரவால்ல. ஆனா பாருங்க, செத்துப்போன பேட்டரிய எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள சட்டைப் பைல போட்டு கால் மணி நேரம் கழிச்சு மறுபடி போட்டா பாதி சார்ஜ் காட்டுது! சார்ஜ் எங்கயும் ஓடிப் போகல, குளிர்ல உள்ள நடக்குற ரசாயன வேலை மெதுவாயிடுது, கரண்ட் வெளிய வர முடியாம முக்குது, அவ்வளவுதான். ஆக பேட்டரி கேமரா பைல இருக்கக்கூடாது, உடம்போட ஒட்டி இருக்கணும், மாத்தி மாத்திப் போடணும்.

மிரர்லெஸ் வேண்டாம்னு முடிவானதும் அங்கதான். நண்பரோட மிரர்லெஸ்ஸையும் உள்ள கொண்டு போயிருந்தேன், கண்ணை வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாலே அது பேட்டரி தின்னுது, சென்சரும் ஸ்கிரீனும் ஓடிக்கிட்டே இருக்குல்ல. டி500ல வ்யூஃபைண்டர் வெறும் கண்ணாடி, மணிக்கணக்கா மலையப் பாத்துக்கிட்டு உக்காந்தாலும் பெருசா செலவு கிடையாது. பின்னாடி ஸ்கிரீன்தான் கொஞ்சம் மந்தமாச்சு, போட்டோவைத் தள்ளுனா பழைய படத்தோட நிழல் மெதுவா மறையுது. அதுல ஒண்ணும் மோசமில்ல.

இப்ப நான் பண்ண முட்டாள்தனம். டெஸ்ட் நல்லா போச்சுங்குற சந்தோசத்துல கேமராவை கழுத்துல மாட்டினபடியே கதவைத் திறந்து வெளிய வந்துட்டேன். வெளிய மத்தியானம், 30 டிகிரி, கடல் காத்து, கேக்கணுமா. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அந்த மாதிரி கேமரா வேர்க்க ஆரம்பிச்சுச்சு. முதல்ல முன்கண்ணாடி பால் மாதிரி வெளுத்துச்சு, அப்புறம் பட்டனைச் சுத்தி முத்து முத்தா தண்ணி, லென்ஸ் காலர்ல இருந்து சொட்டுச் சொட்டா என் செருப்புல விழுது. துடைக்கத் துடைக்க வருது. பதட்டத்துல ஜூமைத் திருப்பிட்டேன், இந்த லென்ஸ் ஜூம் பண்ணா நீளுற ஜாதி, நீளும்போது வெளிக் காத்தை உள்ள இழுக்கும், இழுத்துச்சு, உள் கண்ணாடியும் மூடிக்கிச்சு. மாமா பாத்துட்டு "அரிசிக்குள்ள போடு"ன்னாரு, அரிசித் தவிடு லென்ஸுக்குள்ள போறதுக்கு தண்ணியே தேவலாம். வீட்டுக்குக் கொண்டு வந்து ஏசி ரூம்ல சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வச்சு, மறுநாள் சாயந்தரம்தான் தெளிஞ்சுச்சு. ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஏற்கனவே உப்புக்காத்துலயும் பூஞ்சைலயும் ஒரு லென்ஸைப் பறிகுடுத்தவன் நான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன், இந்த தடவை ஃப்ரீசர் ரூமுக்குள்ளயே வச்சு மெமரி கார்டை கழட்டிட்டு, கேமராவை லென்ஸோட பெரிய ஜிப் கவர்ல போட்டு காத்தைப் பிதுக்கி மூடி, அதைப் பைக்குள்ள வச்சுக் கொண்டு வந்தேன். வேர்வை எல்லாம் கவருக்கு வெளிப்பக்கம் பிடிச்சுச்சு, உள்ள ஒரு பொட்டு இல்ல. மூணு மணி நேரம் தொடல. தொறந்தப்ப கேமரா ரூம் சூட்டுக்கு வந்திருந்துச்சு, துணி எடுக்க வேலையே இல்லாம போச்சு. கிப்பர்லயும் இதேதான் செய்யப் போறேன், வெளிய இருந்து அடுப்பு எரியுற ரூமுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே மூடிறணும். கார்டை மட்டும் முன்னாடியே எடுத்துட்டா படத்தைப் பாக்குற அரிப்புல கவரைத் தொறக்க மாட்டோம்.

பனில எக்ஸ்போஷர், அதாவது கேமராக்குள்ள எவ்வளவு வெளிச்சம் விடணும்னு பழக வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். மழைக்காக உப்பு அம்பாரத்தை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாங்க, லாரிக்கு ஏத்துற ஒண்ணு மட்டும் திறந்து கிடந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு செவலை நாய் படுத்திருந்துச்சு, நம்ம பனிச்சிறுத்தை அதான். கேமராவோட வெளிச்ச மீட்டர் சொன்னபடி எடுத்தா உப்பு சாம்பல் கலர்ல வருது, கேமராவுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது, எதையும் சாம்பலாக்கத்தான் பாக்கும். வெளிச்சத்தைக் கூட்டி பிளஸ் 1.3 வச்சப்ப உப்பு உப்பா வந்துச்சு, பிளஸ் 2ல வெளிச்சத்தைக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவத்துல முட்டிருச்சு, அதாவது ரொம்ப வெளுத்துப் போச்சு. பூநாரைக்கு நான் வெளிச்சத்தைக் குறைச்சு மைனஸ்லயே பழகுன கை, தலைகீழா மாத்திக்கணும்.

மத்ததெல்லாம் சுருக்கமா. வாடகை லென்ஸ் கிடையாது. டி500ல சென்சார் சின்னது, அந்த கிராப் சேத்து 500 லென்ஸே 750 கணக்கு வருது, சிறுத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி எதிர் மலைல இருந்தா 600ஆலயும் பிரயோஜனம் இல்ல. அந்தக் காசுல நல்ல ஷூ, மெல்லிசு கையுறை, அதுக்கு மேல தடிசு கையுறை வாங்குனேன். ராமநாதபுரம் கடைல குளிருக்கு உள்ள போடுற தெர்மல் துணி கேட்டா "ஊட்டிக்கா சார்?"ன்னு குல்லாய எடுத்துப் போடுறாங்க, கடைசில சென்னைல இருந்து வரவழைச்சேன். ட்ரைபாட் அலுமினியம், குளிர்ல தொட முடியாதுன்னு அதோட காலுக்கு பைப்புக்குச் சுத்துற ஃபோம் சுத்தியாச்சு. லென்ஸைத் தாங்க வைக்குற பீன் பேக் வெறும் துணியா போகுது, ஸ்பிட்டில பட்டாணிதான் முக்கிய விளைச்சல், காஞ்ச பட்டாணி ரெண்டு கிலோ வாங்கி ரொப்பிட்டு திரும்பும்போது வீட்டுக்காரங்களுக்கே குடுத்துறலாம். ஃப்ளைட்ல ஸ்பேர் பேட்டரிய செக்கின் பைல போடக்கூடாது, ஏழு கிலோ கைப்பைல கேமராவோட அதுவும் ஏறணும்.

நேத்து காலைல தனுஷ்கோடி போற வழில கோதண்டராமர் கோயில் பக்கம் ரெண்டு கையுறையும் போட்டுக்கிட்டு ஃபோகஸ் பட்டன் அமுக்கிப் பழகுனேன், உள்ள கை வெந்து போச்சு. லடாக், திபெத் ஏரில குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்குப் பயந்து இங்க வர்ற பழுப்புத்தலை கடல்காக்கா ஒரு கூட்டம் தலைக்கு மேல, நான் அதே குளிருக்குப் போறதுக்காக கீழ வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்குறேன். மட்டி பொறுக்கிட்டு வந்த ஒரு ஆத்தா நின்னு பாத்துட்டு, "என்னய்யா, கைல புண்ணா?"ன்னு கேட்டுச்சு. தடிசு கையுறைல பட்டன் இன்னும் பத்துல நாலு தடவை தப்புது, மெல்லிசுல தப்பல. வர்ற ஞாயிறு கையுறையோட ஃப்ரீசர் ரூமுக்குள்ள மறுபடி ஒரு மணி நேரம்.