சவர்க்காரமும் சோலைக்காடும்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலையின் வாயிலில் நின்றுகொண்டு, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மகனின் அலுவலக நண்பர்கள் ஐவரிடமும், "காலுக்குக் கொஞ்சம் சவர்க்காரம் பூசிக்குங்க, அட்டை ஏறாது" என்றேன். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் மரியாதைக்காகத் தன் பையைத் திறந்து, எதைத் தேடுவது என்று தெரியாமல் மறுபடியும் மூடினாள். "சோப்பு, சோப்பு" என்று என் மகன் பொருள் சொன்ன பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஓர் இளைஞர், உண்மையிலேயே பணிவாகத்தான், "அங்கிள், நீங்க சிலோனுங்களா?" என்று கேட்டார்.

நான் இந்த மலைக்கு வந்தது 1974ஆம் ஆண்டில். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு இங்கேயே படித்து, இங்கேயே ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கோத்தகிரிக் கடைவீதியில் எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இருந்தும், ஒரு சோப்புக்கட்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்கு 'இந்தியாக்காரன்' என்று பெயர். கப்பலை விட்டு இறங்கியதும் அது 'சிலோன்காரன்' ஆயிற்று. 1964ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியதும், அவர்களில் பல குடும்பங்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியதும், அது 1976இல் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாக மாறியதும் இந்த மலையில் எல்லோரும் அறிந்த கதைதான். அந்தக் கணக்கில் ஒருவராக வந்த என் தகப்பனார், சாகும்வரை ஒருநாள்கூடத் தானாக விரும்பிப் பொழுதுபோக்குக்காக ஒரு மலையில் ஏறியதில்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

தோட்டத்தில் 'மலை' என்பது பார்க்கும் பொருளன்று. 'மலைக்குப் போறது' என்றால் வேலைக்குப் போவது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய் நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி வாயால் கேட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி ஏறுவது. சும்மா ஏறி, சும்மா நின்று, சும்மா இறங்குகிறவர் துரை ஒருவர்தான். அவருடன் ஒரு நாயும் நடக்கும். அதனால் என் மகன் முதன்முறையாக, "அப்பா, சனிக்கிழமை மலைக்குப் போலாமா?" என்று கேட்டபோது, ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிற பிள்ளைக்கு என்ன கேடு வந்தது என்று ஒரு கணம் பதறிப்போனேன்.

தகப்பனாருக்கு இங்குள்ள காட்டின்மேல் ஓர் அச்சம் இருந்தது; அதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் ஆட்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொல்லும் அந்த ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும், பிறகு மண்டபம் முகாமுக்கும், கடைசியாக மேட்டுப்பாளையத்துக்கும் வந்து சேர்ந்தவர் அவர். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறிய பேருந்தின் ஜன்னலில், அங்கே விட்டுவந்த அதே தேயிலை அதே வரிசையில் நிற்பதைக் கண்டு, "சுத்திச் சுத்தி இங்கேயே கொண்டாந்து விட்டுட்டானுங்களே" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் நகைச்சுவையாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். இங்குள்ள காட்டில் காட்டெருமை உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் சிறுத்தை உண்டு, மரை உண்டு. ஆனால் அம்பாசிடர் கார் அளவுக்கு ஒரு மாடு கிடையாது. தேயிலையின் எல்லைக்கு அப்பால் காலை வைக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்டார்.

இன்றைக்கு அந்த எல்லைக்கு அப்பால் நடப்பதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் எதிரே ரங்கசாமி மலையும் தெரியும். கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய வீடு இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த அந்த மனிதர் 1819இல் சமவெளியிலிருந்து ஏறி வந்ததை இங்கே பெருமையாகச் சொல்லுவார்கள். அவருக்கு முன்பே கோத்தரும் படகரும் இருளரும் இந்தப் பாதைகளில் நடந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் நான் வகுப்பில் சேர்த்துச் சொல்லுவேன்.

நினைத்த இடத்தில் நினைத்தபடி காட்டுக்குள் இறங்குகிற காலம் முடிந்துவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கி, தமிழ்நாடு முழுவதும் 40 தடங்களைத் திறந்துவிட்டது. லாங்வுட் சோலை அவற்றுள் எளிதான ஒன்று. இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். இது மிகச் சரியான ஏற்பாடு என்பதே என் எண்ணம். ஆனாலும் வாயிலில் அடையாள அட்டையை நீட்டிய அந்த நொடியில், மண்டபத்தில் எங்கள் குடும்ப அட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற தகப்பனாரின் முதுகு கண்முன் வந்து நின்றது. அவரிடம் கேட்டவை போக, கேட்காத காகிதங்களையும் அவர் எடுத்துக் காட்டினார். நானும் ஆதாரோடு ஓய்வூதியப் புத்தகத்தையும் எடுத்து வைத்திருந்தேன்.

சோலைக்குள் பத்தடி வைத்ததும் வெளியுலகின் ஓசை அடங்கிவிடுகிறது. பாசி போர்த்திய குட்டை மரங்கள், கிளைகளில் ஒட்டி வளரும் பெரணிகள், காலடியில் மெத்தென்று அமுங்கும் இலைச் சருகு. பெய்த மழையைக் கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கசியவிடுவது இந்தத் தரைதான். சுற்றியுள்ள ஊர்களுக்கு ஓடைநீர் இங்கிருந்துதான் போகிறது. வழிகாட்டி இளைஞர் சேற்றில் பதிந்த ஒரு குளம்படியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். "மரை" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவர் தயங்கி, "கடமானுங்க ஐயா" என்றார். இரண்டும் ஒன்றே என்று விளக்கப் போய், விளக்கம் நீண்டு, அதற்குள் சோப்புப் பூசாத ஒரு காலில் அட்டை ஏறி, காடு அதிர ஓர் அலறல் எழுந்தது. அந்த மட்டில் என் மானம் தப்பியது.

இந்த மலை எனக்கு ஊரானது எப்போது என்று யாராவது கேட்டால், ஒரு மரத்தின் பெயரைத்தான் சொல்லுவேன். ஆசிரியரான புதிதில், ஒரு மாசி மாதம், பள்ளிப் பிள்ளைகளை உதகைக்கு அப்பாலுள்ள அவலாஞ்சிக்கு அழைத்துப் போயிருந்தோம். 1823இல் மலை சரிந்த இடம் என்பதால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அது. புல்வெளிச் சரிவில் ஏறித் திரும்பிய இடத்தில், முறுக்கிய அடிமரமும் தடித்த இலைகளுமாக ஒரு மரம், கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்களோடு நின்றது. என் கால்கள் நின்றுவிட்டன. அந்த மரம் இலங்கையில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் நின்றது. பூக்கும் காலத்தில் அம்மா அதிலிருந்து ஒரு கொத்து ஒடித்துவந்து முனியாண்டிக் கல்லின்மேல் வைப்பாள். தோட்டத்தில் எங்களுக்கு அது வெறும் 'செவப்புப் பூ மரம்'. இங்கே அதற்குக் காட்டுப் பூவரசு என்று பெயர். நீலகிரியில் நிற்பதும் இலங்கை மலையில் நிற்பதும் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்னும் ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்கள் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். கடல் குறுக்கே கிடக்கிறது. மரத்துக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. அங்கேயும் நிற்கிறது, இங்கேயும் நிற்கிறது. அன்றைக்குப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்க மறந்துபோய், தலைமையாசிரியரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

அதன்பிறகு ஆண்டுதோறும் மாசியில் அந்தப் பூவைத் தேடிப் போவது வழக்கமாயிற்று. ஒருமுறை தகப்பனாரையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். மரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்மூர்ல இதைவிடச் செவப்பா இருக்கும்" என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது பிள்ளைகளிடம் நானும் அப்படித்தான் சொல்லுகிறேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர், பிதுருதலாகலை 2,524 மீட்டர் என்று இந்த மலையே உயரமானது என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நான்தான். என் கால் மட்டும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. எந்த ஏற்றத்திலும், அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் சிவனொளிபாத மலைக்கு ஏறிய படிகளோடு ஒப்பிட்டு, 'இது ஒரு ஏத்தமா' என்கிறது.

நடுப்பகலில் ஓடைக்கரையில் உட்கார்ந்து, என் மனைவி கட்டிக்கொடுத்த தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிரித்தேன். நகரத்துப் பிள்ளைகள் கொண்டுவந்திருந்த பொட்டல நொறுக்குத்தீனிகள் அப்படியே கிடக்க, சம்பல் முதலில் தீர்ந்தது. உண்டபின், இன்னும் ஒரு மேடு ஏறினால் பறவைகள் பார்க்கலாம் என்று வழிகாட்டி எழுந்தார். என் முழங்கால் இரண்டும் எழ மறுத்தன. "நீங்க போயிட்டு வாங்க தம்பி, இனி எனக்கு ஏலாது" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லைக் கவனித்தேன். இம்முறை யாரும் ஊரைக் கேட்கவில்லை; கேட்டாயிற்று அல்லவா.

முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் சேறும் வியர்வையுமாக இறங்கி வந்தார்கள். காலையில் பையைத் திறந்து தேடிய அந்தப் பெண், என் பக்கத்துப் பாறையில் பொத்தென்று உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே, "அங்கிள், இனி ஏலாது" என்றாள். கேலியாகச் சொன்னாளா, மூச்சிரைப்பில் தானாக வந்ததா என்று கேட்க அப்போது எனக்கு ஏலவில்லை. என் பையிலிருந்த சவர்க்காரத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன.