காலொடிந்த நண்டும் அப்பாவின் கேள்வியும்

போன வாரம் விடியக்காலையில் மண்டபம் வடகடல் கரையில் அப்பாவோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் நீலக்கால் நண்டு. அதில் ஒன்றுக்கு இடது கொடுக்கு இல்லை. ஒடிந்த இடம் கருத்து, இறுகி, சுத்தமாக மூடியிருந்தது. அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு சொட்டுக் கடல்தண்ணியில ஆயிரக்கணக்குல கிருமி இருக்குன்னு சொல்லுவியே தாயி, இதுக்கு ஏன் சீழ் வைக்கல?"

அவர் கேட்டது தன் காலை நினைத்து. இரண்டு வருடம் முன்பு கெளுத்தி முள் பாதத்தில் ஏறியது. சர்க்கரை உடம்பு. இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியும் கேட்கவில்லை, மூன்றாவது கேட்டது. ஆற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

கரையில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுசாக இங்கே எழுதுகிறேன்.

நண்டுக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது. கொடுக்கு ஒடிகிற மூட்டில் ஒரு சவ்வு இருக்கிறது, அது ரத்தப்போக்கை அடக்கும். அதைத் தாண்டி வரும் கிருமியை எதிர்க்க ரத்த அணுக்களில் குட்டிப் புரதங்கள் தயாராக இருக்கின்றன. இப்படிக் குட்டியான புரதத் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். கிருமியைக் கொல்லும் வகை தவளைத் தோலில் உண்டு, நம் தோலிலும் உண்டு. 1987-ல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து பிரித்தெடுத்த மெகைனின் என்ற பெப்டைடில், புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 23-தான்.

அது கொல்லும் விதம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பாக்டீரியாவின் மேல்தோலான சவ்வில் எதிர் மின்னூட்டம் நிறைய. பெப்டைடில் நேர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நம் செல்லின் வெளிப்பக்கம் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாதது, கொலஸ்ட்ராலும் கலந்து கெட்டியாக இருப்பது. அதனால் அவ்வளவாகத் தொடாது. ஒட்டிய பெப்டைடு சுருளாக மடங்கும்: ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் சவ்விலுள்ள கொழுப்போடு சேரும். முதலில் சவ்வின் மேல் படுத்துக் கிடக்கும். கூட்டம் சேர்ந்ததும் கொழுப்புக்குள் அமுங்கிச் சவ்வையே வளைத்துத் துளை போடும். வத்தையின் அடிப்பலகை விலகினால் கடல் உள்ளே வரும். இங்கே உள்ளே இருப்பதும் வெளியே ஒழுகிவிடும். பொட்டாசியம் போகும், சவ்வின் மின்னழுத்தம் சரியும், சில நிமிடங்களில் கிருமி சாகும். எல்லாப் பெப்டைடும் துளை போடுவதில்லை. சில உள்ளே நுழைந்து டிஎன்ஏவைப் பிடிக்கும்.

இதிலிருந்து தப்ப மேல்தோல் முழுவதையும் மாற்றுவது கிருமிக்குச் சுலபமில்லை. ஆனாலும் புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா தன் சுவரில் அலனைன் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரிகிற விஷயம் உப்பு. மின்னூட்ட இழுப்பை உப்பு மறைத்துவிடும். அதனால் உப்பில்லாத கரைசலில் நன்றாக வேலை செய்யும் பல பெப்டைடுகள் உப்பு ஏறினால் மந்தமாகிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடலில் வாழும் உயிர்களிடம் உப்பைத் தாங்கும் பெப்டைடுகளைத் தேடுவது அதனால்தான். 1997-ல் ஒரு தட்டைமீனின் தோல் வழவழப்பில் அப்படிக் கிடைத்ததுதான் ப்ளூரோசிடின். மீனைப் பிடித்ததும் கையில் வழுக்குகிற அந்தக் கோழையை இப்போதெல்லாம் நான் உடனே கழுவிவிடுவதில்லை, கொஞ்சம் பார்க்கிறேன்.

அப்பா கேட்ட அடுத்த கேள்வி: அதை மருந்தாக்கக் கூடாதா? மெகைனினைத் திருத்திச் செய்த பெக்ஸிகனான் என்ற களிம்பு, சர்க்கரைப் புண்ணுக்காகவே வந்தது. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. மாத்திரையாகக் கொடுக்கலாம் என்றால், வயிற்றுக்குள் போனதும் பெப்டைடு செரித்துவிடும், செய்யவும் செலவு அதிகம். அனுமதி கிடைக்காத செய்தியை முதலில் படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது. அப்பாவின் கால் அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தது.

இப்போதும் ராத்திரி அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன்.