செட்டிநாட்டில் நாய்களோடும் குதிரைகளோடும்

கால்நடை மருத்துவர் என்றால் காரைக்குடி வட்டாரத்தில் இன்றைக்கும் மாட்டு டாக்டர்தான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியும் கறவை மாடு, வெள்ளாடு, மஞ்சுவிரட்டுக் காளை என்றே கழிந்திருக்கிறது. ஆனாலும் இந்தத் தொழிலின் நுட்பங்கள் பலவற்றை, வருமானம் எதுவும் எதிர்பாராமல் ஒரு நாயையோ குதிரையையோ வைத்துக்கொண்டு அதனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். மாட்டுக்காரர் பால் குறைந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டு வருவார். இவர்களோ, காய்ச்சலும் இல்லாமல் காயமும் இல்லாமல், "ஏதோ சரியில்லை" என்று மட்டும் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் ஏதோ சரியில்லாமல்தான் இருக்கிறது.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவளவு நீண்டு கிடக்கும் வீட்டில் அவரும் வயதான ராஜபாளையம் நாய் ஒன்றும் மட்டுமே இருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, இவன் நல்லாத்தான் சாப்பிடுறான். ஆனா பட்டாலைப் பக்கமே வரமாட்டேங்கிறான், முத்தத்துக் கல்லு ஓரமாவே சுத்திப் போறான்" என்றார். நேரில் போய் நாயை நடக்கவிட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முற்றத்தைச் சுற்றியுள்ள கருங்கல் சொரசொரப்பானது. பட்டாலை என்கிற கூடத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல்லோ, அதாவது தரை ஓடோ, நடக்க நடக்க மெருகேறுவது. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்த அந்த நாயின் பின்னங்கால்கள் வழவழப்பான தரையில் பக்கவாட்டில் விரிந்து போயின. நாய் வலியென்று முனகாது. வலிக்கும் இடத்தைத் தவிர்த்துத் தன் வழியை மாற்றிக்கொள்ளும். அந்த வழி மாறியதை நாள்தோறும் கூட இருப்பவர்தான் கவனிக்க முடியும், எக்ஸ்ரே எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாம் சாப்பிடும் மூட்டுவலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று ஆச்சி கேட்டார். கூடவே கூடாது என்றேன். மனிதர்களுக்கான இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். நாய்க்கென்று உள்ள மருந்தை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைக்கச் சொல்லி, பாதத்து இடுக்குகளில் வளர்ந்திருந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிட்டு, அது நடக்கும் தடத்தில் கோரைப்பாயை விரித்து வைக்கச் சொன்னேன். ஆச்சி சிரித்துக்கொண்டே, "நானும் இத்தனை வருஷமா அந்த ஓரமாத்தான் நடக்கிறேன் தம்பி, எனக்கு யாரும் பாய் விரிக்கலை" என்றார். அடுத்த முறை போனபோது பாய் அகலமாகியிருந்தது. இருவரும் அதன்மேல்தான் நடந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பனிப்பிரதேசத்து ஹஸ்கியையும் மூக்குச் சப்பிய பக் நாயையும் வாங்கிவந்து அக்கினி நட்சத்திர வெயிலில் மூச்சு வாங்கவைக்கிற மோகம் எனக்கு உடன்பாடானதல்ல. நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, அதற்கு மூச்சுப்பாதை சீராக இருக்க வேண்டும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்த மண்ணில் அந்த உயிர்களை ஏன் வதைக்க வேண்டும்?

குதிரை வேறு பாடம். அய்யனார் கோயில்தோறும் வேளார் செய்த மண்புரவிகள் வரிசையாக நிற்கும் சீமை இது. அந்த மண்குதிரைகளைச் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் புரவி எடுப்பு சிங்கம்புணரியில் பெருவிழா. உயிருள்ள குதிரைகளோ குறைவு, வண்டிப் பந்தயத்திற்காக வளர்ப்பவர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கலாம். குதிரைக்கு நேர் பின்புறமும் நெற்றிக்கு முன்னால் சிறிது இடமும் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக நெருங்க வேண்டும். அவசரக்காரனாகிய என்னை அவை நிதானப்படுத்தின.

தேவகோட்டைக்கு அருகில் ஒரு பந்தயக் குதிரைக்காரர் ஒரு மாலை அழைத்தார். "சார், கொள்ளு வச்சேன், மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. விலாவையே திரும்பித் திரும்பிப் பாக்குது" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் அது வயிற்றுவலியில் முன்னங்காலால் தரையைப் பறிக்கத் தொடங்கியிருந்தது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு வீங்கினால் கிழிந்துபோகவும் கூடும். தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடியைப் பார்த்தேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய துடிப்பு 60ஐத் தொட்டிருந்தது. விலாவில் காதை வைத்தால் குடலின் இரைச்சல் மிகக் குறைவு. காலையில் போட்டிருந்த லத்தியை, அதாவது சாணத்தை, வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தோம்; சற்று நேரத்தில் அடியில் செம்மண் படிந்தது. தீனியை வெறுந்தரையில் போட்டதால் புல்லோடு மண்ணும் உள்ளே போயிருக்கிறது.

வலி தணிக்கும் ஊசியைப் போட்டு, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் செலுத்தி, தேங்கியது எதுவும் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்தபின் குடலை இளக்கும் லிக்விட் பாரஃபின் எண்ணெயை ஊற்றினேன். அவரும் அவர் மகனும் குதிரை படுத்துப் புரளாதபடி, கழுத்தில் கைவைத்துப் பேசிக்கொண்டே, தெருவில் மாறி மாறி மெல்ல நடத்தினார்கள். நள்ளிரவு தாண்டி அது லத்தி போட்டபோது, தூங்காமல் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த தெருவே கைதட்டியது. யாரோ எனக்குக் காப்பி கொண்டுவந்தார்கள். லத்திக்குக் கிடைத்த அந்த வரவேற்பு வேறெந்தத் தொழிலில் கிடைக்கும்! பிறகு தீனிக்குத் தொட்டி கட்டச் சொன்னேன், மீதி மண் வெளியேற இசப்கோல் கொடுக்கச் சொன்னேன், தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாக மாற்றச் சொன்னேன்.

விலாவைத் திரும்பிப் பார்ப்பதை முதலில் கண்டது அவருடைய பள்ளிக்கூடம் போகும் மகன் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. பிராணியைக் கொண்டுவருகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒருவராக இருப்பார், சோறோ புல்லோ வைக்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். எனவே என் பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் 'தீனி வைப்பவர்' என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். மருந்துச் சீட்டை இப்போது அவரிடம்தான் விளக்குகிறேன். சில வீடுகளில் அதற்காகப் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்துப் போக வேண்டியிருக்கிறது.