எந்த ‘ம்’?

காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பழக்குவது என் வேலை. காது சரியாகக் கேட்காதவர்களுக்கு உட்செவிக்குள் வைக்கிற மின்கருவி அது; ஒலியை மின் துடிப்புகளாக நரம்புக்குக் கொடுக்கும். வருகிற பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது, “எப்ப மேடம் பேசுவான்?” என்றுதான். சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டிலும் ஓயாமல் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் பேச்சு நன்றாகவே வந்துவிடுகிறது. குரலின் ஏற்ற இறக்கம் பிள்ளைக்குப் பிடிபடுகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

தினமும் பயிற்சியைத் தொடங்கும்போது ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்ப்போம்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. பேச்சுக்கு வேண்டிய தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் துணி கட்டிய எம்பிராய்டரி வளையத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். ஒலி கேட்டதும் குழந்தை ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கம்பியில் மாட்டும். மெஷினை ஆன் செய்த கொஞ்ச மாதங்களிலேயே ஆறையும் திருப்பிச் சொல்லிவிடுகிற பிள்ளைகள் உண்டு.

அடுத்து அதே ‘ம்’மை வைத்து வேறொரு பயிற்சி செய்வேன். மேலே ஏற்றி “ம்?” என்றால் ‘என்ன?’ என்று பொருள். கீழே இறக்கினால் ‘சரி’. கொஞ்சம் நீட்டி நெளித்தால் ‘மேலே சொல்லு’. கதை கேட்கும்போது கொட்டுகிற ‘ம்’ அது. தமிழ் வீடுகளில் பாதி உரையாடல் இந்த ஒற்றை எழுத்தில்தான் ஓடுகிறது. மூன்றுக்கும் மூன்று படங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். ஒலி கேட்டுவிட்டது என்று உடனே கையைத் தூக்குகிற குழந்தை, எந்தப் படம் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கும். நீளமாக இருந்ததையும் குட்டையாக இருந்ததையும் சரியாகப் பிரித்துவிடும். ஏறியதா இறங்கியதா என்று கேட்டால் தடுமாறும். திருப்பிச் சொல்லச் சொன்னால் மூன்றும் தட்டையாக ஒரே மாதிரி வரும்.

இதில் குழந்தையின் குறை எதுவும் இல்லை, கருவியின் எல்லை அது. உட்செவியில் இருக்கும் காக்ளியா நத்தை ஓடு போலச் சுருண்டது. அதன் அடிப்பக்கம் உயர்ந்த ஒலிக்கும் உச்சிப்பக்கம் தாழ்ந்த ஒலிக்கும் அதிகம் அதிரும். இதை ஆராய்ந்து காட்டியதற்காக கியார்க் ஃபான் பெகெஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. காக்ளியாவின் நீளம் முழுக்க வரிசையாக 3,500 அளவில் உள் மயிர்ச்செல்கள் இருக்கின்றன, அதிர்வை நரம்புக்குச் சொல்பவை அவைதான். அவை செய்கிற வேலையை இம்ப்ளான்டின் 12 முதல் 22 வரையான மின்முனைகளிடம் ஒப்படைக்கிறோம். வெளியே காதில் மாட்டுகிற ப்ராசசர் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எவ்வளவு சத்தம் என்ற கணக்கை மட்டும் உள்ளே அனுப்புகிறது. பட்டைக்குள் ஒலி எப்படி நுணுக்கமாக அதிர்ந்தது என்ற தகவல் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துபோகிறது.

சொற்களைப் புரிந்துகொள்ள அந்தக் கணக்கே போதும் என்பதுதான் வியப்பு. 1995-ல் ராபர்ட் ஷானனும் அவருடைய குழுவினரும் பேச்சை வெறும் நான்கு பட்டை இரைச்சலாக மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். அமைதியான அறையில், நல்ல செவித்திறன் உள்ளவர்கள் அதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள். ஆனால் சுருதிக்கு அது போதாது. போனில் அப்பா பேசுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் குரலின் அடிப்படை அதிர்வெண், அதாவது குரலின் சுருதியைத் தீர்மானிக்கிற அதிர்வெண், 120 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 240, 360 என்று அதன் மடங்குகளும் குரலில் கலந்திருக்கும். சாதாரண தொலைபேசி இணைப்பு 300-க்குக் கீழே இருப்பதை ஏறக்குறைய வெட்டிவிடும். 120-ம் வராது, 240-ம் வராது. 360, 480, 600 என்று மேலே உள்ளவைதான் வந்துசேரும். அவற்றுக்கு இடையிலுள்ள ஒழுங்கிலிருந்து, வராத 120-ஐ மூளையே கண்டுபிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அப்பா குரல் போனிலும் கனமாகவே கேட்கிறது. இம்ப்ளான்ட் வழியாகக் கேட்கும்போது இந்த 360-ம் 480-ம் தனித்தனியாகப் பிரியாமல் ஒன்றோடொன்று குழம்பிவிடும். கண்டுபிடிக்க மூளைக்குப் பிடிமானம் இல்லை.

பெற்றோருக்கு இதை வாயால் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். இம்ப்ளான்டில் ஏறத்தாழ எப்படிக் கேட்கும் என்று காட்டுகிற மாதிரி ஒலிகள் என் லேப்டாப்பில் இருக்கின்றன. முதலில் பேச்சைப் போடுவேன். கரகரப்பாக இருந்தாலும் புரிகிறதே என்று முகம் மலர்வார்கள். பிறகு ஒரு சினிமாப் பாட்டு. ஓர் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால் தாளம் போட்டார், வரிகளையும் கூடவே முணுமுணுத்தார். பிறகு, “மேடம், இதுல மெட்டு எங்க?” என்று கேட்டார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

தாளத்துக்கு எந்தக் குறையும் இல்லை. தவில், பறை என்றால் எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். கீபோர்டில் சரிகமபதநி வாசித்தால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். ஒருவருக்கு அடுத்தடுத்த கட்டையே பிரிந்து கேட்கும், இன்னொருவருக்கு ச-வும் ப-வும் ஒன்றுபோல இருக்கும்.

பேச்சில் தமிழ் நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. “வந்தான்” கேள்வியாக மாற “வந்தானா” என்று ஓர் ஆ சேர்ந்துவிடுகிறது, குரலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் “நல்லா இருக்குடா நீ பண்றது” என்று அம்மா சொல்வது பாராட்டா கண்டிப்பா என்பது குரலில்தான் இருக்கிறது. அது தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு அடம்பிடிக்கிறவன் என்று வகுப்பில் பெயர் வந்துவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

இதற்கு நம்மால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது, அது பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காதில்தான் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு மறு காதின் ஹியரிங் எய்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். “புது மெஷின் வச்சாச்சே தாயி, இந்தப் பழசு இன்னும் எதுக்கு?” என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காதில் தாழ்ந்த ஒலிகள் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், ஹியரிங் எய்ட் அவற்றைப் பெரிதாக்கிக் கொடுக்கும். சொல் புரிகிற அளவுக்கு அது உதவாமல் போகலாம். ஆனால் ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 150 பக்கம், பெண் குரலினுடையது 200 பக்கம். எல்லாமே அந்தத் தாழ்ந்த எல்லைக்குள்தான் வருகின்றன. இம்ப்ளான்ட் சொல்லைத் தர, மறு காது ஏற்ற இறக்கத்தைத் தரும். அந்தப் பாட்டியின் பேரனுக்கு இரண்டையும் மாட்டிவிட்டு, படங்களை மறுபடி பரப்பினேன். “ம்?” என்றதும், ‘என்ன?’ படத்தின் மேல் கை வைத்தான். எல்லாக் குழந்தைக்கும் இப்படி அமையாது. சிலருக்கு அந்தக் காதில் மிச்சமே இருக்காது, சிலருக்குப் பழக மாதக்கணக்காகும்.

ஆகவே இம்ப்ளான்ட் வைத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த மேப்பிங்குக்கு, அதாவது மெஷினின் அளவுகளைச் சரிசெய்யப் போகும்போது, மறு காதின் ஆடியோகிராமையும் (செவித்திறன் சோதனை வரைபடம்) கேட்டு வாங்கிப் பாருங்கள். 250, 500 ஹெர்ட்ஸில் ஏதாவது பதில் இருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். இருந்தால், பீரோவில் கிடக்கும் ஹியரிங் எய்டுக்குப் புது மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) எடுத்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வளர்ந்திருக்கும், பழைய மோல்டு சேராது.