அறுத்து எடுக்காத கட்டி

என் அக்காள் மகளுக்குப் பார்வை நரம்பில் கட்டி இருப்பது நான்கு வயதில் தெரியவந்தபோது, அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அறுத்து எடுக்காம, சும்மா பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுதாவளே, இது என்ன வைத்தியம்?" என்று பெரியம்மா அழுதபோது, என்னிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலை நான் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் முதுகிலும் வயிற்றிலும் பால் கலந்த காப்பி நிறத்தில் திட்டுகள் இருந்தன. மச்சம் என்று விட்டுவிட்டோம். பிறகு இடது கண் சற்றே விலகியது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றார்கள் உறவினர்கள். முதலில் பார்த்த மருத்துவர் கண்ணாடி மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் வீணாயிற்று என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. திருநெல்வேலியில் குழந்தைகளுக்கான கண் மருத்துவர் ஒருவர்தான் சட்டையைக் கழற்றச் சொல்லித் திட்டுகளை எண்ணினார். சிறு குழந்தையின் உடலில் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால், நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்னும் மரபணுக் கோளாறா என்று பார்க்க வேண்டுமாம். ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பார்வைப் பாதையில் கட்டி வருகிறது. பாதிப் பேருக்கு இக்கோளாறு பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் 'யார் வழி வந்தது' என்ற பேச்சு என் அக்காளை நோயைவிட அதிகமாக வாட்டியது.

இக்கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும், வீரியம் மிகக் குறைந்த முதல் தரக் கட்டி. நரம்புக்கு வெளியே ஒட்டியிராமல், பார்வையைச் சுமக்கும் இழைகளுக்கு ஊடாகவே வளர்வதால், கட்டியை அறுப்பது பார்வையையே அறுப்பதாகிவிடும். கதிர்வீச்சு கொடுத்தால், இந்த மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் வேறு புற்று தோன்றவும், மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கவும் வாய்ப்பு மிகுதி. பல குழந்தைகளுக்குக் கட்டி வளராமல் அப்படியே நின்றுவிடுகிறது, சிலருக்குத் தானாகச் சுருங்குவதும் உண்டு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வைச் சோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்தபடி காத்திருந்தோம். மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுப்பதால், விடியற்காலை முதல் அவள் பசியோடு இருப்பதைப் பார்ப்பதுதான் கொடுமை.

மூன்றாவது சோதனையில், பார்வைச் சோதனை அட்டையில் அவளால் படிக்க முடிந்தது இரண்டு வரிசை குறைந்ததும் கீமோ தொடங்கினார்கள். கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரண்டு மருந்துகள். தொடக்கத்தில் வாராவாரம் மதுரைக்குப் பேருந்துப் பயணம், மொத்தம் ஓராண்டுக்கும் மேல். வின்கிரிஸ்டினால் தாடை வலித்தது, மலம் இறுகியது, பாதம் தளர்ந்து படியில் தடுக்கி விழுந்தாள். அமெரிக்காவில் சில மரபணு மாற்றங்கள் கொண்ட இத்தகைய கட்டிகளுக்கு 2023இல் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் கூட்டு மருந்தும், 2024இல் டோவோராஃபெனிப்பும் ஒப்புதல் பெற்றுள்ளன. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகள் என்பதால் இவை எனக்குப் பெரிய நம்பிக்கை தருகின்றன.

சிகிச்சை முடிந்தபின் எடுத்த ஸ்கேனில் கட்டி சிறிதளவே சுருங்கியிருந்தது. அக்காள் உடைந்து போனாள். மருத்துவரோ ஸ்கேன் படத்தை ஒதுக்கிவிட்டு, ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் அச்சிட்ட அட்டையைத் தூரத்தில் வைத்துப் பிள்ளையைக் கேட்டார். கீமோ தொடங்கிய நாளில் எந்த வரிசை வரை சொன்னாளோ, அதே வரிசையில் நின்ற சிறிய வீட்டை அவள் "வீடு" என்றாள்.