ஃபார்மலினில் போன குடல் துண்டு

குழந்தையின் வலது அடிவயிற்றில் கட்டி, விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை இறக்கம், ஸ்கேனில் தடித்த குடல் சுவர். நம் ஊரில் இதற்கு முதலில் எழுதுவது டிபி, அடுத்து லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), க்ரோன்ஸ் (குடல் அழற்சி நோய்). பேசிடியோபோலஸ் பூஞ்சை பட்டியலிலேயே இருக்காது. பல்லி, தவளைகளின் குடலிலும் மக்கிய இலைகளிலும் இருக்கும் பூஞ்சை இது. தோலுக்கடியில் கட்டியாக வந்தால் தென்னிந்தியத் தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். குடலில் வருவது சவுதியின் தென்மேற்கிலும் ஈரானிலும் குழந்தைகளிடம் அதிகம் பதிவாகியிருக்கிறது, இந்தியாவிலும் உண்டு.

எங்களிடம் அனுப்பப்பட்ட குழந்தையின் ஃபைலில் துப்பு முதல் பக்கத்திலேயே கிடந்தது: ஈசினோபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் எக்கச்சக்கம். பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மருந்து அல்பெண்டசோல் கொடுத்திருந்தார்கள். கொடுக்கட்டும். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கியதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. டிபி பரிசோதனைகள் நெகட்டிவ். இருந்தும் டிபி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது.

கொலனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) கிள்ளி எடுத்த பயாப்ஸித் துண்டில் 'குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை'. வராதுதான். பூஞ்சை இருப்பது உள்தோலுக்குக் கீழே, தசை வரை. மேலோட்டமாகக் கிள்ளினால் சிக்காது. ஸ்கேன் பார்த்து ஊசியால் குடல் சுவரிலிருந்தே துண்டு எடுக்க வேண்டும், அல்லது அறுவை சிகிச்சையில்.

வயிற்றைத் திறந்தும் பார்த்தார்கள். எடுத்த துண்டு மொத்தமும், பூஞ்சையைக் கொன்றுவிடும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போனது! கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்க, ஒரு கடுகளவுகூட மிச்சமில்லை. தியேட்டருக்குப் போகும் முன்பே சர்ஜனிடம் சொல்லிவையுங்கள்: ஒரு பகுதி, சில சொட்டு ஸ்டெரைல் சலைனோடு தனி டப்பாவில், உடனே மைக்ரோபயாலஜிக்கு. ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. படிவத்தில் 'டிபி கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் பூஞ்சைக்குப் போடவே மாட்டார்கள்.

நல்லவேளை, பேத்தாலஜி ஸ்லைடு கைகொடுத்தது. ஈசினோபில் கூட்டத்தின் நடுவே வெற்றுத் துளைகள்போல அகலமான இழைகள், ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பு உறை. அறிக்கையில் மட்டும் 'மியூக்கர்' (கறுப்புப் பூஞ்சை) என்று வந்தது. 2021 கோவிட் அலைக்குப் பிறகு அகலமான இழை என்றாலே கறுப்புப் பூஞ்சை என்று எழுதிவிடுகிறார்கள்! மியூக்கர் ரத்தக்குழாய்க்குள் புகுந்து திசுவை அழுக வைக்கும். இதில் பெரும்பாலும் அது இருக்காது. பெயர் மாறினால் மருந்தும் மாறும்: மியூக்கருக்கு முதல் பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசின் இதில் பல நேரம் வேலை செய்யாது.

மிச்சமிருந்த கட்டியில் ஊசி போட்டு எடுத்த துண்டு நேராக எங்கள் மைக்ரோபயாலஜி மேசைக்கு வந்தது. அரைத்தால் இழை செத்துவிடும் என்பதால் பிளேடால் பொடியாக நறுக்கி, சபுரோ அகார் என்ற பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் வைத்தோம், சில பூஞ்சைகளை வளரவிடாத சைக்ளோஹெக்ஸிமைடு சேர்க்காதது. சில நாளில் சுருக்கம் விழுந்த வெளிர் சாம்பல் படலம். பெட்ரி தட்டின் மூடியின் உட்புறத்தில் தூசி தூவினாற்போல் புள்ளிகள். வித்துகளை மேல்நோக்கிச் சுடுவது இந்தப் பூஞ்சையின் வழக்கம். அந்த மூடியைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

இனி வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து என்று முடிவானபோது டிபி மாத்திரைதான் குறுக்கே நின்றது. டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கூட இருந்தால் வோரிகோனசோல் ரத்தத்தில் தங்காது. நிறுத்திய பிறகும் அதன் வேகம் அடங்க இரண்டு வாரம்போல ஆகும். இதைக் கவனிக்காமல் 'மருந்து கேட்கவில்லை' என்று கைவிடுவது கொடுமை.

குழந்தைகளின் உடல் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் 2 முதல் 12 வயதுக்குள் வாய்வழி அளவு பெரியவர்களைவிட அதிகம்: கிலோவுக்கு 9 மி.கி., நாளுக்கு இரு வேளை, ஒரு வேளைக்கு 350 மி.கி.க்கு மேல் போகாமல். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. ஐந்தாம் நாள் வாக்கில், அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். 1 முதல் 5.5 மைக்ரோகிராம்/மி.லி.க்குள் இருக்கணும். மருந்து கொடுத்த பிறகு எடுத்த ரத்தம் வீண், இன்னொரு முறை குத்த வேண்டிவரும். குழாயில் எடுத்த நேரத்தை எழுதச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள்.

சிகிச்சை மாதக்கணக்கில் போகும். ஸ்கேனுக்கு நடுவே ஈசினோபில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். செலவு குறைவு, நோய் திரும்பினால் அது மீண்டும் ஏறலாம்.