ரத்தம் கசியும் கன்று: வைவாவுக்கு முன் சில வார்த்தைகள்

கால்நடை மருத்துவ வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ரத்தம் கசிகிற கன்று என்று கேள்வி வந்தாலே பலருக்கும் வாயில் வருவது ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே. அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். ஊட்டிப் பக்கம் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டு வைவாவுக்குப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருந்தைப் பிறகு பார்க்கலாம், ரத்தம் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஈறிலும் இமையின் உட்புறத்திலும் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் என்றால் தட்டணுக்களை (ரத்தக்கசிவை அடைக்கும் பிளேட்லெட்டுகளை) சந்தேகிக்கலாம். தோலுக்கடியில் பெரிய ரத்தக்கட்டு, மூட்டு வீக்கம் என்றால் உறைதல் காரணிகளை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை.

அப்புறம் வயது. பிறந்து ஒரு மாதம் ஆகாத கன்று என்றால் எக்ஸாமினர் ஐரோப்பாவுக்குப் போய்விடுவார். பிவிடி என்ற மாட்டு வைரஸ் வயிற்றுப்போக்குக்கான பிரெக்ஷூர் பிவிடி தடுப்பூசி போட்ட தாய்களின் சீம்பால் குடித்த கன்றுகளுக்கு, தட்டணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை அழிந்தது. 2010-இல் அந்த ஊசி அங்கே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பிறக்கும்போது கன்று ஏன் நன்றாக இருந்தது என்று கேட்பார். பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்புப் பொருள் போகாது, சீம்பாலில்தான் போகும் என்பதே பதில்.

மேய்ச்சலுக்குப் போகும் கிடேரி என்றால் நம்ம மலைக்கே உரிய கேள்வி: பெரணி. தீப்பட்ட சரிவுகளில் மண்டி வளரும் பிராக்கன் பெரணியைத்தான் சொல்கிறேன். சுருண்டு முளைக்கும் இளங்குருத்தில்தான் நஞ்சு அதிகம். பல வாரம் தின்றால் மஜ்ஜை ஒடுங்கி, தட்டணு சரிந்து, காய்ச்சலோடு ரத்தம் கசியும். கொட்டிலில் படுக்கையாக அதை வெட்டிப் போடுகிறார்களா என்பதையும் மாட்டுக்காரரிடம் கேளுங்கள். இதற்கு வைட்டமின் கே உதவாது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்து தின்றிருந்தால் உதவும். அதில் ஏழாம் உறைதல் காரணி முதலில் தீர்வதால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் இரண்டு டெஸ்ட்களில் பிடி (புரோத்ராம்பின் டைம்) தான் முதலில் நீளும். ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) இனத்தில் பரம்பரையாக வரும் பதினோராம் காரணிக் குறைபாட்டில் இன்னொரு டெஸ்டான ஏபிடிடி மட்டும் நீளும். இரண்டும் நீண்டு தட்டணுவும் குறைந்திருந்தால் டிஐசி, அதாவது உடல் முழுக்க ரத்தம் உறைந்து உறைதல் பொருள்கள் தீர்ந்துபோகும் நிலை; கன்றுகளில் பெரும்பாலும் செப்சிஸ் (உடல் முழுக்கப் பாதிக்கும் தீவிரத் தொற்று) பின்னணியில் இருக்கும்.

சிகிச்சைக்கு ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். தட்டணு எண்ணிக்கைக்கு ஈடிடிஏ குழாய், உறைதல் டெஸ்ட்டுக்கு சிட்ரேட் குழாய் (இரண்டும் ரத்தம் உறையாமல் வைப்பவை); சிட்ரேட் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்துக்குக் கீழே தட்டணு எண்ணிக்கை வந்தால் ஸ்மியரையும் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில்) பாருங்கள்; தட்டணு திரண்டிருந்தாலும் மெஷின் குறைத்துத்தான் காட்டும். மலையில் பக்கத்தில் இருப்பது மனிதர்களுக்கான லேப் என்றால், அதே வயதில் நலமாக உள்ள இன்னொரு கன்றின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் நார்மல் அளவு கன்றுக்குப் பொருந்தாது.